டிஇஏ கணக்கில் 14 துறைகளில் 11-க்கு முழு மதிப்பெண். எங்கே தவறு?

தரப்பிரிவு உதவியாளர்:
வணக்கம். எங்கள் பல்கலைக்கழகத் துறைகள் தங்களுக்குக் கொடுக்கப்பட்ட ஆளையும் பணத்தையும் எவ்வளவு திறமையாகப் பயன்படுத்துகின்றன என்று கணக்கிட்டுத் தரும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. டிஇஏ முறையில் (Data Envelopment Analysis: உள்ளீட்டுக்கு எவ்வளவு வெளியீடு என்று துறைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, 1 வரை மதிப்பெண் தரும் கணக்கு), எக்செல்லில் உள்ள சால்வர் கருவியில், விஆர்எஸ் மாதிரியை (துறையின் அளவைப் பொறுத்து உள்ளீடு-வெளியீடு விகிதம் மாறலாம் என்று கொள்வது) ஓட்டினேன். உள்ளீடு நான்கு: ஆசிரியர், அலுவலகப் பணியாளர், ஆய்வகச் செலவு, கட்டடப் பரப்பு. வெளியீடும் நான்கு: தேர்ச்சி பெற்ற முதுகலை மாணவர், முனைவர் பட்டம், ஆய்வுக் கட்டுரை, வெளியிலிருந்து வந்த திட்ட நிதி. 11 துறைகளுக்கு 1.000 வருகிறது. ஆசிரியர் பணியிடங்களில் பாதி காலியாகக் கிடக்கும் வணிகவியலுக்கும் 1! இயற்பியலுக்கு 0.74. வியாழக்கிழமை துறைத்தலைவர்கள் கூட்டம். இதைக் கொண்டுபோனால் சிரிப்பார்கள்.

கணக்குப்பிள்ளை:
சால்வர் மேல் குற்றமில்லை சார். டிஇஏ-வில் ஒவ்வொரு துறையும் தனக்குச் சாதகமான எடைகளை, அதாவது எந்தக் காரணிக்கு எவ்வளவு முக்கியத்துவம் என்பதை, தானே எடுத்துக்கொள்ளும். எட்டுக் காரணிகளைக் கொடுத்தால் ஏதோ ஒன்றில் எல்லாரும் கெட்டிக்காரர்தான். உள்ளீடு, வெளியீடு இரண்டின் கூட்டுத்தொகையைப் போல மூன்று மடங்கு துறைகளாவது வேண்டும் என்பது வழக்கம். உங்களுக்கு 24 வேண்டும், இருப்பது 14. போதாததற்கு விஆர்எஸ்! அதில் ஏதாவது ஓர் உள்ளீட்டில் மற்ற எல்லாரையும்விடக் குறைவாக வைத்திருக்கும் துறை சும்மாவே 1 வாங்கிவிடும். சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் மூவரும் 1978-ல் தந்த சிஆர்எஸ் மாதிரிக்குப் (துறை சிறிதோ பெரிதோ அந்த விகிதம் மாறாது என்று கொள்வது) போங்கள். காரணிகளையும் பாதியாகக் குறையுங்கள். அது சரி, தமிழ்த்துறைக்கு ஆய்வகச் செலவு என்ன போட்டீர்கள்?

தரப்பிரிவு உதவியாளர்:
0.

கணக்குப்பிள்ளை:
அங்கேதான் ஓட்டை. எடை முழுவதையும் அந்த ஆய்வகக் கட்டத்தில் ஏற்றிவிட்டால் ஆய்வகம் உள்ள எந்தத் துறையும் தமிழ்த்துறைக்குப் பக்கத்தில் வரமுடியாது. ஆய்வகத்தைத் தனியாக வைக்காமல் துறையின் மொத்தச் செலவுக்குள் சேர்த்துவிடுங்கள்.

ஆய்வகவாசி:
இயற்பியல்காரன் என்பதால் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். இயற்பியலையும் தமிழையும் ஒரே தராசில் வைப்பதே கோளாறு. 1990-ல் பீஸ்லி என்ற ஆய்வாளர் இதே கணக்கைப் பிரிட்டனில் செய்தபோது வேதியியல் துறைகளை வேதியியலோடும் இயற்பியலை இயற்பியலோடும்தான் ஒப்பிட்டார். எடைகளுக்கு வரம்பும் கட்டினார். ஆய்வு நிதியை உள்ளீட்டிலும் வைத்து, வெளியீட்டுக்குப் பதிலியாகவும் வைத்தார். நீங்கள் வெளியீட்டில் மட்டும் வைத்திருக்கிறீர்கள். எங்களுக்கு வந்த நிதியில் முக்கால்வாசி கருவி வாங்கவே போனது, அதைச் சாதனை என்று சொல்ல எனக்கே கூச்சம்.

தரப்பிரிவு உதவியாளர்:
ஆசிரியர், மொத்தச் செலவு. முதுகலைத் தேர்ச்சி, முனைவர் பட்டம். இந்த நான்கோடு சிஆர்எஸ் ஓட்டினேன். இப்போது 1 வாங்கியது 4 துறைகள்தான், தமிழ் அதில் இல்லை. ஆனால் வணிகவியல் அசையவே மாட்டேன் என்கிறது.

கணக்குப்பிள்ளை:
கௌரவ விரிவுரையாளர்களை எந்தக் கட்டத்தில் போட்டீர்கள்?

தரப்பிரிவு உதவியாளர்:
போடவே இல்லை சார். அவர்கள் சம்பளம் துறைக் கணக்கில் வராது, பதிவாளர் அலுவலகத்திலிருந்து போகிறது. வணிகவியலில் மட்டும் ஒன்பது பேர். மறுபடியும் ஓட்டிவிட்டு வருகிறேன்.