சிறுபோகத் தண்ணீர்: வன்னியில் நாம் கண்டதும் பட்டதும்

முரசுமோட்டைப் பக்கத்துக் கமக்காரர் ஒருவர்:

கிளிநொச்சியிலுள்ள இரணைமடுக் குளத்தின் கீழ், வாய்க்கால் முடிகிற பக்கமாக எங்களுக்கு மூன்று ஏக்கர் வயல் உண்டு. மாரி மழையோடு செய்யும் பெரும்போகத்தில் இக்குளத்தை நம்பி 20,000 ஏக்கருக்கு மேல் நெல் விதைக்கப்படும். அதன்பின் கோடையில் வரும் சிறுபோகத்தில் மிஞ்சி நிற்கும் தண்ணீர் எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் விதைப்பு. குளத்தில் எத்தனை அடி நிற்கிறது, அது எத்தனை ஏக்கரைத் தாங்கும், ஆளுக்கு எவ்வளவு பங்கு, எந்தத் திகதிக்குள் விதைத்து முடிக்க வேண்டும், எத்தனை மாத நெல் என்பவையெல்லாம் விதைப்புக்கு முந்திய கூட்டத்தில் முடிவாகும். தன் வயல் தரிசாகக் கிடக்க, இன்னொருவருடைய வயலில் தன் பங்கை விதைத்து எடுக்கும் வழக்கம் வெளியூராருக்கு விளங்குவதில்லை. தண்ணீரை ஒரே பக்கமாகப் பாய்ச்சினால் வாய்க்கால் குடிக்கும் தண்ணீர் குறையும் என்பதே அதன் காரணம்.

ஒரு சிறுபோகத்தில் எனக்குக் கிடைத்த பங்கு அரை ஏக்கர். பக்கத்துத் துண்டு சும்மா கிடந்ததால் இன்னும் அரை ஏக்கரைச் சேர்த்து விதைத்தேன். மூன்று மாத நெல் என்று முடிவாகியிருந்தும், விளைச்சல் கூடும் என்ற ஆசையில் மூன்றரை மாத நெல்லைப் போட்டேன். பயிர் கதிர் தள்ளுவதற்கு முந்திய குடலைப் பருவத்துக்கு வந்தபோது என் முறைத் தண்ணீர் பாதி வயலோடு நின்றுவிட்டது. இரவு பத்து மணிக்கு மேல், அடுத்தவருடைய வக்கடையை (வயலுக்குத் தண்ணீர் பாயும் வாயை) அடைத்துத் தண்ணீரைத் திருப்பலாம் என்று மண்வெட்டியோடு போனால், அங்கே வரம்பில் அந்த வயற்காரப் பெரியவர் டோர்ச்சுடன் குந்தியிருந்தார். அவர் ஏசவில்லை. “தம்பி, நீர் எவ்வளவு விதைச்சிருக்கிறீர்?” என்று மட்டும் கேட்டார். நான் கூசாமல் “அரை ஏக்கர், ஐயா” என்றேன். “அப்ப உமக்குத் தண்ணி காணுமே” என்றுவிட்டு டோர்ச்சை அணைத்தார். திரும்பி வந்துவிட்டேன்.

கள்ளமாக விதைத்த அரை ஏக்கரும் பதராகப் போனது எனக்கு உறைத்தது; ஆனால் அதைவிடப் பெரிய கணக்கு ஒன்று பிறகுதான் விளங்கியது. மண் வாய்க்காலில் ஒரு வயலுக்காகத் தண்ணீர் விட்டாலும் நூறு வயலுக்காக விட்டாலும், வழியில் ஊறிப் போகும் அளவில் பெரிய வித்தியாசம் இருக்காது. ஆகவே எல்லாரும் மூன்று மாத நெல்லை அறுக்கும் நேரத்தில் என்னைப் போன்ற நாலு பேரின் பயிர் பச்சையாக நின்றால், அந்த நாலு பேருக்காகத் துருசை (குளத்து மதகை) மேலும் இரண்டு கிழமை திறந்து வைக்க வேண்டியிருக்கும். கூட்டத்தில் நெல்லின் வயதைக் குறித்து அவ்வளவு கண்டிப்பாகப் பேசுவதன் காரணம் அதுதான்.

நெடுங்கேணிப் பக்கமிருந்து ஓர் ஆசிரியை:

அண்ணா எழுதியது பெரிய குளத்தின் கதை. எங்களுடையது ஒரே ஓடையில் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்த சிறுகுளங்களின் கதை. மேற்குளம் நிரம்பி வான் பாய்ந்தால் அந்தத் தண்ணீரும், அதன் வயல்களில் இருந்து வடியும் தண்ணீரும் எங்கள் குளத்துக்கு வரும். எங்களுடையது கீழ்க்குளத்துக்குப் போகும். சில வருடங்களுக்கு முன் மேற்குளத்தைப் புனரமைத்தபோது அதன் கலிங்கை (மிகைத் தண்ணீர் வழியும் கட்டை) உயர்த்திக் கட்டினார்கள். அவ்வூராருக்கு மகிழ்ச்சி, எங்கள் குளமோ அடுத்த இரண்டு மாரிக்கும் வான் பாயவேயில்லை. ஒரு குளத்தைத் திருத்துவதானால் அந்த ஓடையிலுள்ள எல்லாக் குளத்துக் கமக்காரரையும் அழைத்துப் பேச வேண்டும் என்பது அப்போது எவருக்கும் தோன்றவில்லை.

பிறகு எங்கள் குளத்தை ஆழப்படுத்தினார்கள். ஒப்பந்தக்காரர் வீதிக்கு வேண்டிய மண்ணை ஓரிடத்திலேயே ஆழமாகத் தோண்டி எடுத்தார். அடியிலிருந்த களிமண் படை அறுந்து, கீழிருந்த மணல் தெரிந்தது. முன்பு ஆவணி வரை நின்ற தண்ணீர் இப்போது ஆனியிலேயே வற்றுகிறது. துருசின் அடிமட்டத்துக்குக் கீழே எவ்வளவு தோண்டினாலும் அந்தத் தண்ணீர் தானாக வயலுக்கு ஏறாது என்பதையும் சொல்ல வேண்டும். மாடுகளுக்கும் அயற்கிணறுகளுக்கும் அது உதவும், அதுவும் களி இருந்தால்தான். 2016இன் மாரி பொய்த்து 2017இல் வரட்சி நீண்டபோது, குளத்தில் கொஞ்சமேனும் தண்ணீர் நின்ற ஊர்களில் கிணறுகள் தாக்குப் பிடித்தன. எங்கள் வீட்டில் பவுசர் வரும் நாளுக்காகக் கான்களை வரிசையாக அடுக்கி வைத்தோம். அதன்பின் சிலர் குழாய்க்கிணறு அடித்தார்கள். அதிலே வந்த தண்ணீரில் தேநீர் வைத்தால் கேத்தலில் வெள்ளைப் படிவு ஏறும்.

நீர்ப்பாசன வேலையில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவர்:

தங்கச்சி சொன்னது முற்றிலும் சரி. தூர் வாருவதானால் குளக்கட்டிலிருந்து விலகி, தண்ணீர் வந்து சேரும் மேற்பக்கத்தில் படிந்த வண்டலை மட்டும் மெல்லியதாக எடுக்க வேண்டும். அங்குள்ள மரங்களையும் புல்லையும் வெட்டினால் அடுத்த மாரியிலேயே வண்டல் திரும்ப வரும்.

என்னை அதிகம் வருத்துவது வரட்சி மாத்திரமல்ல. எங்கள் மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரைக்குள் பெய்து முடிகிறது; இப்போது அதுவும் நீண்ட இடைவெளி விட்டு, சில நாட்களிலேயே கொட்டுகிறது. இரணைமடு 36 அடிக்கு உயர்த்தப்பட்டு 2018 மார்கழியில் திறந்து வைக்கப்பட்டது. அதே மாதத்திலேயே கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கின. கார்த்திகையில் குளம் நிரம்பி வரும்போது கதவைத் திறந்து இடம் விட்டால், பிறகு மழை நின்றுவிட்டால் சிறுபோகம் போய்விடும். திறக்காமல் காத்திருந்தால் ஒரே இரவில் எல்லாக் கதவையும் திறக்க நேரும். கதவடியில் நின்று அந்த முடிவை எடுத்தவனுக்குத்தான் அதன் பாரம் தெரியும். கனகராயன் ஆற்றின் மேற்பகுதியில் ஒவ்வொரு மணித்தியாலமும் மழையளவும் ஆற்று மட்டமும் கைக்கு வந்தால் அந்தப் பாரம் ஓரளவு குறையும். வானத்தைப் பார்த்து முடிவெடுத்த காலம் போய்விட்டது.

முரசுமோட்டைக் கமக்காரர் மீண்டும்:

ஐயா, நன்றி. நான் இப்போது பெரும்போகத்துக்கு, மழைக்கு முன் காய்ந்த மண்ணில் விதைக்கும் புழுதி விதைப்பையே செய்கிறேன். முதல் மழையிலேயே நெல் முளைத்துவிட்டால் உழவுக்கும் சேற்றடிப்புக்கும் குளத்துத் தண்ணீர் தேவைப்படாது. மழை இடையில் நின்று ஒருமுறை மீள்விதைப்பும் செய்ய நேர்ந்தது; கோழிச்சூடன், கோரை என்ற களைகளும் கூடத்தான் வருகின்றன. சிறுபோகத்தில் பங்கு கால் ஏக்கராகக் குறைந்த வருடம் நெல்லை விட்டுப் பயறு போட்டேன். வரம்பில் குந்தியிருந்த அந்தப் பெரியவர் வந்து பார்த்துவிட்டு, விதைக்கு இரண்டு கொத்துப் பயறு கேட்டு வாங்கிப் போனார்.