ஸ்காபரோ பழைய வீடு: காஸ் ஃபர்னஸா, ஹீட் பம்பா?

பூவரசு:
வணக்கம். டொரன்டோவின் ஸ்காபரோவில் எங்கள் வீடு 1956இல் கட்டிய பங்களோ. செங்கல் சுவர், கீழே பேஸ்மென்ட். வீட்டைச் சூடாக்கும் பழைய காஸ் ஃபர்னஸ் மணிக்கு 100,000 பிடியு (சூட்டின் அளவு) எரிக்கும், 80 சதவீதத் திறன். சோதிக்க வந்தவர், நெருப்பின் சூட்டை வீட்டுக் காற்றுக்கு மாற்றும் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் வெடிப்பு என்று சொல்லி, காஸை மூடிச் சிவப்புச் சீட்டு ஒட்டிவிட்டார். அக்டோபர் என்பதால் மின் ஹீட்டர்களோடு சமாளிக்கிறோம். மாமி பேஸ்மென்ட் அறையில்தான் படுக்கிறார், அவருக்குக் குளிர் ஆகவே ஆகாது.

இரண்டு பேர் விலை தந்தார்கள். ஒருவர் அதே 100,000இல் 96 சதவீத ஃபர்னஸ் போடுவோம் என்கிறார். மற்றவர் காஸையே வெட்டிவிட்டு, வெளிக்காற்றின் சூட்டை மின்சாரத்தால் உள்ளே இழுக்கும் ஹீட் பம்ப் போடலாம் என்கிறார். சுடுதண்ணீர்த் தாங்கியும் காஸ்தான், அதே புகைபோக்கியில் போகிறது. மின்பெட்டி 100 ஆம்ப். போன ஜனவரி காஸ் பில் 450 கன மீட்டர். பேஸ்மென்ட் காற்றுக்குழாய் மூட்டுகளில் வெள்ளைத் துணிநாடா ஒட்டியிருக்கிறது. எதை நம்புவது?

பிரம்டன்ராசா:
நாங்கள் இரண்டையும் சேர்த்துப் போட்டோம்: ஹீட் பம்ப், கடும் குளிருக்குச் சின்னக் காஸ் ஃபர்னஸ். கோடையில் அதுவே ஏசி. அனல் வீசாது, மிதமான சூடு நாள் முழுக்க வரும். அது எங்களுக்குப் பிடித்துப்போயிற்று.

காஸ்வேலைத்தம்பி:
அக்கா, நான் ஜி2 என்ற காஸ் வேலை உரிமத்தோடு இந்த வேலைதான் செய்கிறேன். பழைய ஃபர்னஸின் அளவைப் பார்த்தே புதியதற்கு விலை எழுதுவது எனக்குக் கோபம் வரும் விஷயம். 1956இல் கூரைக்குள் பஞ்சு பேருக்குத்தான் இருந்திருக்கும், ஜன்னலும் ஒற்றைக் கண்ணாடி. அந்த வீடா இப்போது இருக்கிறது?

உங்கள் பில்லையே வைத்துக் கணக்குப் போடலாம். சுடுதண்ணீருக்கு 50 கழித்தால் 400 கன மீட்டர். ஒரு கன மீட்டரில் ஏறத்தாழ 35,000 பிடியு. அதில் 80 சதவீதம்தான் வீட்டுக்குள் வந்தது, அதாவது 1 கோடியே 12 லட்சம். ஜனவரியின் 744 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்குச் சுமார் 15,000. இது வெளியே சராசரி மைனஸ் 4 என்று வைத்து. மைனஸ் 20 இரவையும் தாங்க வேண்டுமே. அப்போது உள்ளே 21க்கும் வெளிக்குளிருக்கும் உள்ள வித்தியாசம் 25 டிகிரியிலிருந்து 41 ஆகிறது, தேவை 25,000க்குக் கிட்ட வரும். கொஞ்சம் கூட்டி 30,000 என்று வையுங்கள். உங்கள் பழைய ஃபர்னஸ் தந்தது 80,000! மேலே தெர்மோஸ்டாட் சீக்கிரம் சூடாகி அதை நிறுத்திவிடும். கீழே மாமியின் அறை குளிர்ந்தால் இதுவும் ஒரு காரணம்.

இது கைக்கணக்குத்தான். வீடு எவ்வளவு சூட்டை இழக்கிறது என்று பார்க்கும் முறையான சிஎஸ்ஏ எஃப்280 கணக்கை எழுத்தில் கேளுங்கள். ஹீட் பம்பின் அட்டையில் 30,000 என்று இருந்தால், அது வெளியே 8 டிகிரியில் அளந்தது. மைனஸ் 15இல் எவ்வளவு தரும் என்று கேளுங்கள், அதுதான் உங்களுக்கு வேண்டிய எண்.

எனக்கு உண்மையில் பயம் புகைபோக்கியைப் பற்றித்தான். 96 சதவீத ஃபர்னஸ் சுவர் வழியாகப் பிளாஸ்டிக் குழாயில் புகை விடும். ஹீட் பம்புக்குப் புகையே இல்லை. எதைப் போட்டாலும் அந்தப் பெரிய புகைபோக்கியில் சுடுதண்ணீர்த் தாங்கி தனித்துவிடும். புகை மேலே போகுமுன் குளிர்ந்து திரும்பினால் கார்பன் மோனாக்சைடு மாமி படுக்கும் தளத்திலேயே வரும். புகைபோக்கிக்குள் லைனர் என்ற சிறிய குழாய் போடுங்கள், அல்லது தாங்கியையும் மின்சாரத்துக்கு மாற்றுங்கள். இதை எழுதாத விலைச்சீட்டில் கையெழுத்து வைக்காதீர்கள்.

நானானால் ஹீட் பம்போடு 40,000 பிடியு ஃபர்னஸ் போடுவேன். முழு மின்சாரம் என்றால் துணைக்கு மின் ஹீட்டர் வேண்டும், 100 ஆம்ப் பெட்டி திணறும். செலவை இப்படிப் பாருங்கள்: ஒரு கன மீட்டர் காஸ் நல்ல ஃபர்னஸில் தரும் சூட்டை, மிதமான குளிரில் ஹீட் பம்ப் 3.3 யூனிட் மின்சாரத்தில் தரும். உங்கள் பில் விலைகளைப் போட்டால் எந்த டிகிரியில் காஸுக்கு மாறலாம் என்று தெரியும்.

மழைக்கிளி:
அந்த வெள்ளை நாடாவைச் சுரண்ட வேண்டாம், பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸ். குழாய் வெட்டுமுன் மாதிரி எடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். அப்புறம், அழைக்காமல் கதவைத் தட்டி ஃபர்னஸ் ஒப்பந்தம் எழுதுவது ஒன்ராறியோவில் 2018 மார்ச் 1 முதல் தடை. வாடகைக்குத் தருகிறோம் என்று யாராவது வந்தால் உள்ளே விடாதீர்கள்.

பூவரசு:
எல்லாருக்கும் நன்றி. இரண்டு பேரிடமும் எஃப்280 கேட்டேன். முதலாமவர் தேவையில்லை என்றார், அவரை விட்டுவிட்டோம். மற்றவர் வியாழக்கிழமை அளக்க வருகிறார். லைனருக்கும் சேர்த்து விலை எழுதச் சொல்லியிருக்கிறேன். தம்பி, தாங்கியையும் மின்சாரத்துக்கு மாற்றினால் 100 ஆம்ப் போதுமா?