டிசெக்ஷனும் இணைய வகுப்பும்: மூத்தவர்களிடம் ஓர் உதவி

குழுவிலுள்ள மூத்த மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் வணக்கம். நான் எம்.பி.பி.எஸ். முதலாண்டு மாணவி. எங்கள் கல்லூரியில் உடற்கூறியல் விரிவுரைகளைப் பதிவுசெய்த காணொளிகளாக இரவில் விடுதியில் பார்த்துவிட்டு, மறுநாள் காலை நேரே டிசெக்ஷன் (இறந்தவர் உடலை அறுத்துப் படிக்கும் பயிற்சி) மேசைக்குச் செல்ல வேண்டியிருக்கிறது.

காணொளியில் தமனி சிவப்பு, சிரை நீலம், நரம்பு மஞ்சள் என்று பளிச்செனத் தெரியும் அக்குள் பகுதி, ஃபார்மலினில் பதப்படுத்திய உடலில் ஒரே பழுப்பாக இருப்பதால், சி5 முதல் டி1 வரையிலான 5 தண்டுவட நரம்பு வேர்களிலிருந்து உருவாகும் பிரேக்கியல் பிளெக்ஸஸ் என்னும் கை நரம்புப் பின்னலைக் கொழுப்பிலிருந்து பிரித்தெடுக்கும்போது, மீடியன் நரம்பு எது, அல்நார் நரம்பு எது என்பதே எனக்குப் பிடிபடுவதில்லை. அந்தப் பின்னலின் கிளைகள் அமைக்கும் ‘எம்’ வடிவத்தைத் தேடு என்கிறார்கள், தேடியும் பார்த்துவிட்டேன். ஒரு மேசையைச் சுற்றி இருபது பேர் நிற்கையில் ஆசிரியரிடம் மீண்டும் மீண்டும் கேட்கவும் கூச்சமாக இருக்கிறது. காணொளி பார்க்கும்போது எழும் ஐயங்களையோ இரவு பதினொரு மணிக்கு யாரிடம் கேட்பது?

நீங்கள் காணொளியை டிசெக்ஷனுக்கு முன் பார்த்தீர்களா, பின்பா? வரைபடங்களுக்குப் பதிலாக உண்மையான உடலின் புகைப்படங்கள் கொண்ட அட்லஸ் (உடற்கூறியல் படநூல்) எதையேனும் பயன்படுத்தியிருந்தால் அதன் பெயரைத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். தியரிக்குத் தேவையான 75 விழுக்காடு வருகைப்பதிவில் காணொளி வகுப்புகளை உங்கள் கல்லூரியில் எவ்வாறு கணக்கிடுகிறார்கள் என்பதையும் சொன்னால் பேருதவியாக இருக்கும்.