ப்ரோஷர்ல 9,400 பவுண்டு இழுக்கும்னு இருக்கு, கதவு ஸ்டிக்கர்ல 1,540னு இருக்கு, எதை நம்புறது?

பெட்டிவண்டி:
எல்லாருக்கும் வணக்கம். ஹாஃப் டன்னு சொல்ற சாதாரண சைஸ் பிக்கப் வச்சிருக்கேன், க்ரூ கேப் (பின் சீட்டோட நாலு கதவு), ஃபோர் வீல் ட்ரைவ். இப்ப ஒரு ட்ராவல் ட்ரெய்லர் வாங்கியே ஆகணும்னு வீட்டுல ஒரே பிடியா நிக்கிறாங்க. பாத்து வச்சிருக்கறது காலியா 5,400 பவுண்டு, எல்லாம் ஏத்தினா அதிகபட்சம் 7,000னு அதோட தகட்டுல போட்டிருக்கு. என் வண்டி ப்ரோஷர்ல 9,400 இழுக்கும்னு இருக்கு, ட்ரெய்லர் விக்கிறவரும் "அதான் ரெண்டாயிரத்துக்கு மேல மிச்சம் இருக்கே, கண்ண மூடிட்டு மாட்டிட்டு போங்க"ங்கறார். ஆனா டிரைவர் கதவ தொறந்தா பக்கத்து தூண்ல ஒரு மஞ்சள் வெள்ளை ஸ்டிக்கர், ஆளுங்க சாமான் எல்லாம் சேந்து 1,540 பவுண்டுக்கு மேல போகவே கூடாதுங்குது. இது பின்னாடி பெட்ல போடுற சாமானுக்கு மட்டும் தானா, ட்ரெய்லருக்கும் இதுக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கா? நான் 180, மனைவி 150, பசங்க ரெண்டு பேரும் சேந்து 110. பின்னாடி பெட் மேல ஃபைபர்கிளாஸ் கேப், அதாவது மூடி, வேற போட்டிருக்கேன், அது ஒரு 200 இருக்கும். டிரைவர் வெயிட் 150ஐ கழிச்சிட்டு தான் அந்த ஸ்டிக்கர்ல நம்பர் போடுறாங்கன்னு ஒருத்தர் சொன்னார், அது நிஜமா?

இருசு:
சம்பந்தம் இருக்கு, நிறையவே இருக்கு. விக்கிறவரு 9,400ஐ மட்டும் தான் சொல்வாரு, அவருக்கு அது போதும்.

ட்ரெய்லர் முழுசா அதோட சக்கரத்து மேலயே நிக்காது, முன்பக்கத்துல ஒரு பங்கு உங்க ஹிட்ச் பால் (ட்ரெய்லர மாட்டுற இரும்புக் குண்டு) மேல உக்காரும். அதான் டங் வெயிட். சாதாரண ட்ராவல் ட்ரெய்லருக்கு மொத்த எடையில 10லருந்து 15 சதவீதம் இருக்கணும். அந்த எடைய தாங்குறது உங்க வண்டி, அதனால அது உங்க 1,540லருந்து தான் கழியும். இப்ப கணக்க போடுங்க. ட்ரெய்லர லோடு பண்ணி 6,600 வருதுன்னு வைங்க, 13 சதவீதம்னா 858. எடைய முன் சக்கரத்துக்கும் ட்ரெய்லருக்கும் பிரிச்சு விடுற வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் மாட்டுவீங்க, அந்த இரும்பே ஒரு 90. வீட்டு ஆளுங்க 440. மொத்தம் 1,388. மேல உங்க கேப் 200 வந்தா 1,588. ஒரு கூலர் பாக்ஸ் கூட ஏத்தல, அதுக்குள்ள 48 பவுண்டு தாண்டியாச்சு. அப்பவும் 9,400ல சுமார் 70 சதவீதம் தான் இழுக்குறீங்க. ஹாஃப் டன் வண்டில பெரும்பாலும் இப்படித்தான், இழுக்குற சக்தி தீர்றதுக்கு ரொம்ப முன்னாடியே பேலோட், அதாவது வண்டி மேல ஏத்தலாம்ங்கற அந்த ஸ்டிக்கர் அளவு, தீந்துடும்.

அந்த 150 கதை பாதி நிஜம், ஆனா வேற இடத்துல. ப்ரோஷர்ல வர்ற டோ ரேட்டிங்க, அதாவது இழுக்குற அளவ, எஸ்.ஏ.இ.ங்கற இன்ஜினியர் சங்கத்தோட ஜே2807 முறைப்படி போடும்போது டிரைவர் ஒருத்தர், பக்கத்துல ஒருத்தர், ஆளுக்கு 150 பவுண்டுன்னு வச்சுப்பாங்க. அதாவது பின் சீட்டுல பசங்களே இல்ல, பெட் காலி, கேப் இல்ல, அப்படி ஒரு வண்டிக்கு தான் அந்த 9,400. கதவு ஸ்டிக்கர்ல யாரையும் கழிக்கல, ஓட்டுற நீங்களும் அந்த 1,540க்குள்ள தான். ஃபுல் டேங்க் பெட்ரோல் மட்டும் ஏற்கனவே வண்டி எடையில சேந்துருக்கும், அத மறுபடி எண்ணாதீங்க. இன்னொன்னு, ஸ்டிக்கர் நம்பர் உங்க வண்டி ஃபாக்டரிய விட்டு வந்தப்ப இருந்த நிலைமைக்கு. அதே மாடல்ல சன்ரூஃப், பெரிய வீல்னு எல்லாம் சேத்து வாங்கினவன் வண்டில நம்பர் குறைவா இருக்கும், அதனால பக்கத்து வீட்டுக்காரர் நம்பர வச்சு கணக்கு போடாதீங்க.

மலைப்பாதை:
இவ்ளோ பயமுறுத்த வேணாம் பாஸ். பின்னாடி ஸ்பிரிங்குக்கு துணையா காத்து அடைக்கிற ஏர் பேக் போடுங்க, வண்டி உக்காராம நேரா நிக்கும். நான் உங்கள விட பெரிய ட்ரெய்லர மலையெல்லாம் ஏத்தி இறக்குறேன், ஒண்ணும் ஆகல. கம்பெனிக்காரன் எப்பவும் குறைச்சு தான் போடுவான், அவனுக்கு கேஸ் பயம்.

இருசு:
மலைப்பாதை, வண்டி நேரா நிக்கிறது வேற, தாங்குறது வேற. ஏர் பேக் ஸ்பிரிங்குக்கு உதவும், சரி. ஆக்ஸில், வீல் பேரிங், ப்ரேக், டயர், ஃப்ரேம் இதுல எது பெருசாச்சு? எதுவும் இல்ல. ஜி.வி.டபிள்யூ.ஆர்., அதாவது ஆளு சாமானோட வண்டி மொத்தமா இருக்கலாம்னு கம்பெனி போட்ட உச்ச எடை, பழைய நம்பரே தான். சொல்லப்போனா உக்காந்து போற வண்டியப் பாத்தாலாவது ஓவர் லோடுன்னு தெரியும், ஏர் பேக் போட்டா அந்த அடையாளமும் போச்சு.

டயர் விஷயத்த தனியா பாருங்க. நிறைய ஹாஃப் டன் வண்டில கார்ல வர்ற மாதிரி பாசஞ்சர் டயர் தான் வருது, சைஸ் பி எழுத்துல ஆரம்பிக்கும். அந்த டயர் சைடுல எழுதியிருக்க லோட, பிக்கப்ல மாட்டும்போது 1.10ஆல வகுத்து தான் எடுத்துக்கணும். எல்.டி.ங்கற ட்ரக் டயர் மாத்தினா டயருக்கு தெம்பு வரும், ஆனா அதுக்காக ஸ்டிக்கர்ல இருக்க 1,540 மாறாது.

பெட்டிவண்டி:
நன்றி அண்ணா, இப்ப தான் புரியுது. ஒரு சந்தேகம், சாமான எல்லாம் ட்ரெய்லரோட பின்பக்கம் தள்ளி வச்சா டங் வெயிட் குறையும்ல? 858ஐ 500க்கு கொண்டு வந்துட்டா கேப்ப கழட்ட வேண்டியதில்லையே?

நெடுஞ்சாலை நாடோடி:
ஐயோ அத மட்டும் பண்ணிடாதீங்க. 6,600க்கு 500னா எட்டு சதவீதம் கூட வரல. பின்னாடி கனமான ட்ரெய்லர் வேகம் எடுக்கும்போது வால ஆட்ட ஆரம்பிக்கும், ஒரு பெரிய லாரி பக்கத்துல தாண்டிப் போனா போதும், அந்த காத்துல ஆரம்பிச்ச ஆட்டம் நிக்காம பெருசாகிட்டே போய் கடைசில வண்டியையும் சேத்து திருப்பிடும். பேலோட மிச்சம் பிடிக்கிறேன்னு போய் இதுல மாட்டிக்க வேணாம். சாமான ஆக்ஸிலுக்கு மேலயும் கொஞ்சம் முன்னாடியும் வைங்க.

கையில நம்பர் இல்லாம பேசுறத விட, ட்ரக் ஸ்டாப்ல இருக்க கேட் ஸ்கேல்ங்கற லாரி எடை மேடைல ஏத்திடுங்க. பிளாட்ஃபார்ம் மூணு தனித்தனியா இருக்கும், முன் சக்கரம் முதல்லயும் பின் சக்கரம் ரெண்டாவதுலயும் ட்ரெய்லர் சக்கரம் மூணாவதுலயும் நிக்கிற மாதிரி நிறுத்தி, பட்டன அழுத்தி சொன்னா எடை போட்டு சீட்டு குடுப்பாங்க. என் வண்டி கணக்கு சொல்றேன், ஜி.வி.டபிள்யூ.ஆர். 7,000. வீட்டம்மாவும் நானும் உக்காந்து ட்ரெய்லர் இல்லாம முன்னாடி 3,160, பின்னாடி 2,460. ட்ரெய்லர மாட்டி, டிஸ்ட்ரிபியூஷன் பார் போடாம நிறுத்தினா முன்னாடி 2,760, பின்னாடி 3,740. ட்ரெய்லர் சக்கரத்துல 5,760. வண்டில ஏறினது 880, அதான் நிஜமான டங் வெயிட். ஆனா பின் ஆக்ஸில்ல மட்டும் 1,280 ஏறியிருக்கு பாருங்க! பால் பின் சக்கரத்துக்கு ரொம்ப பின்னாடி இருக்கறதால ஏத்தம் மாதிரி முன்பக்கத்த தூக்கி அந்த 400ஐயும் பின்னாடி தள்ளுது. முன் சக்கரம் லேசானா ஸ்டியரிங்கும் லேசாகும், ப்ரேக்கும் சரியா பிடிக்காது. பார் மாட்டி டைட் பண்ணினதும் 3,020, 3,340, ட்ரெய்லர்ல 5,900. 140 பவுண்டு ட்ரெய்லர் சக்கரத்துக்கே திரும்பப் போயிடுச்சு.

இதனால தான் ஜி.வி.டபிள்யூ.ஆர். மட்டும் பாத்தா பத்தாது, பின் ஆக்ஸில் ரேட்டிங்கும் அதே கதவு தூண்ல இன்னொரு லேபிள்ல இருக்கும், ரெண்டும் பாருங்க. ஹிட்ச சொருகுற ரிசீவர்லயும் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், பார் இல்லாம எவ்ளோ, பாரோட எவ்ளோன்னு தனித்தனியா போட்டிருப்பான், பல பேர் அத குனிஞ்சு பாக்கறதே இல்ல.

ஜல்லி மூட்டை:
நடுவுல ஒரு கேள்வி, ட்ரெய்லர் எல்லாம் இல்ல, தோட்டத்துக்கு பெட்ல ஒரு கியூபிக் யார்டு ஜல்லி கொண்டு வரலாமா? இடம் தாராளமா இருக்கு.

இருசு:
இடம் இருக்கும், எடை தான் இருக்காது. ஒரு கியூபிக் யார்டு ஜல்லி 2,500 பவுண்டுக்கு மேல வரும், ஹாஃப் டன்னுக்கு அது ரொம்ப ஜாஸ்தி. பாதிய ஏத்திட்டு ரெண்டு நடை போங்க. மரச்சிராய் மல்ச்னா காஞ்சது ஒரு யார்டு தாராளமா வரும்.

மலைப்பாதை:
அப்ப அடுத்த பெரிய சைஸ், முக்கால் டன் டீசல் வாங்கிட்டா பிரச்சினையே இல்லல்ல, இவ்ளோ கணக்கு எதுக்கு.

நெடுஞ்சாலை நாடோடி:
அங்கயும் ஒரு பொறி இருக்கு. முக்கால் டன் வண்டி பலது 10,000 பவுண்டு ஜி.வி.டபிள்யூ.ஆர்.ல நிக்கும். டீசல் இன்ஜின் பெட்ரோல விட பல நூறு பவுண்டு கனம், அது அப்படியே பேலோட்லருந்து போகுது. டீசல் க்ரூ கேப்ல 2,000 சொச்சம் தான் ஸ்டிக்கர்ல இருக்கறத நிறைய பாக்கலாம். அத நம்பி பெட்டுக்குள்ளயே மாட்டுற ஃபிஃப்த் வீல் ட்ரெய்லர் எடுத்தா அதோட கிங்பின் வெயிட், அதாவது வண்டி மேல உக்கார்ற எடை, மொத்தத்துல 15லருந்து 25 சதவீதம், 12,000 பவுண்டு ட்ரெய்லர்னா 20 சதவீதத்துலயே 2,400. இழுக்குறதுக்கு இன்ஜின் துடிக்கும், கதவு ஸ்டிக்கர் ஒத்துக்காது.

பெட்டிவண்டி:
வீட்டுல பேசியாச்சு. 7,000 ட்ரெய்லர் வேணாம். இன்னொன்னு பாத்தோம், முழுசா ஏத்தினாலும் 5,800 தான். 13 சதவீதம் 754, ஹிட்ச் 90, நாங்க 440, மொத்தம் 1,284. கேப்ப கழட்டி வச்சுட்டா 256 பவுண்டு மிச்சம், சைக்கிளும் விறகும் அதுக்குள்ள அடங்கிடும். விக்கிறவரு மூஞ்சி தான் சுருங்கிப் போச்சு. அந்த ட்ரெய்லர்ல 40 கேலன் தண்ணி டேங்க் இருக்கு, அத ரொப்பிட்டு போகலாமா?

இருசு:
40 கேலன் தண்ணி 330 பவுண்டு சொச்சம், அது அந்த 5,800க்குள்ள அடங்கணும், அது முதல் விஷயம். அப்புறம் ட்ரெய்லருக்கு அடில குனிஞ்சு டேங்க் எங்க இருக்குன்னு பாருங்க. ஆக்ஸிலுக்கு முன்னாடி இருந்தா தண்ணி ரொப்பும்போது டங் வெயிட் ஏறும், பின்னாடி இருந்தா குறையும். ப்ரோஷர்ல போடுற டங் வெயிட் காலி ட்ரெய்லருக்கு, பல சமயம் பேட்டரி, கேஸ் சிலிண்டர் கூட இல்லாம எடுத்தது, அது ரெண்டும் டங் மேலயே உக்காரும். முகாம்ல தண்ணி கிடைக்கும்னா காலியா இழுத்துட்டு போய் அங்க ரொப்பிக்கோங்க. கிடைக்காதுன்னா, தண்ணியோட ஒரு தடவ, இல்லாம ஒரு தடவ ஸ்கேல்ல போட்டு ரெண்டு சீட்டையும் க்ளவ் பாக்ஸ்ல வச்சுக்கோங்க.