எஃப்1 விதை பாக்கெட்டும் ஜிஎம் தானா? தெம்பே, தவ்ஹு சாப்பிடலாமா?

கத்திரித்தோட்டம்:
வணக்கம், நான் சுங்கை சிப்புட் பக்கம். வீட்டுக்குப் பின்னாடி கத்திரி, மிளகா, வெண்டி போட்டுருக்கேன், மிஞ்சினா பாசார் மாலாம்ல, அதான் ராத்திரிச் சந்தையில, விப்போம். இப்ப கோயில் வாட்சாப் குரூப்புல ஒரு மெசேஜ் சுத்துது, உடம்பெல்லாம் கட்டி வந்த எலி படம் போட்டு ஜிஎம் (மரபணு மாத்தின) சோயா, ஜிஎம் சோளம் தின்னா கேன்சர்னு. அதப் பாத்துட்டு எங்க அத்தை சோயாவுல செய்யிற தெம்பே, தவ்ஹு எதுவும் வீட்டுக்குள்ள வரக்கூடாதுன்னுட்டாங்க. நான் வாங்குற விதை பாக்கெட்டுல எஃப்1னு போட்டுருக்கு, அதுவும் ஜிஎம்னு பக்கத்து வீட்டு அண்ணன் சொல்றாரு. உண்மையா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கெடா_பையன்:
இப்ப எல்லாமே ஜிஎம் தான் லா. விதை இல்லாத தர்பூசணி எப்பிடி வந்துச்சுன்னு நெனச்சீங்க? நம்ம தாத்தா காலத்துல இதெல்லாம் இருந்துச்சா?

விதைக்காரன்:
கெடா தம்பி, விதையில்லா தர்பூசணி ஜிஎம் இல்லப்பா. ரெண்டு வகையைக் கலந்து குரோமோசோம் எண்ணிக்கை ஒத்து வராம பண்றது, அதான் விதை பிடிக்கல. எஃப்1ம் அதே மாதிரி ரெண்டு ஜாதியைக் கலந்தது, அவ்வளவுதான். தோட்டத்துல நிக்கிற செம்பனை கூட டூரா, பிசிஃபெரான்னு ரெண்டு ஜாதியைச் சேர்த்து வந்த டெனெரா தானே, அத யாரும் ஜிஎம்னு சொல்றதில்ல. ஜிஎம்னா லேப்ல ஒரு ஜீனை எடுத்து உள்ள வைக்கணும். மலேசியாவுல ஜிஎம் பயிர் எதுவும் வியாபாரத்துக்கு நடுறது இல்ல, சோயாவும் சோளமும் வெளிநாட்டுலேர்ந்து வருது, அதுக்கு 2007 பயோசேஃப்டி சட்டத்துல அனுமதி வாங்கணும். அதுல பெரும்பாலும் கோழி மாதிரி கால்நடைத் தீவனத்துக்குத் தான் போவுது.

அந்த எலி படம் 2012ல பிரான்ஸ்ல செராலினிங்கிற ஆராய்ச்சியாளரோட குரூப் போட்டது. அந்த ஜாதி எலிக்கு வயசானா தானாவே கட்டி வரும், எலி எண்ணிக்கையும் பத்தாதுன்னு சொல்லி பத்திரிகை 2013ல கட்டுரையை வாபஸ் வாங்கிருச்சு, அப்புறம் வேற ஒரு பத்திரிகையில திரும்பப் போட்டாங்க. அத வச்சி தெம்பேய நிறுத்துறது அநியாயம். அமெரிக்காவுல 1996லேர்ந்து ஜிஎம் சோயா வெளையுது, சாப்பிட்டதால கேன்சர்னு உறுதியா காட்டுன ஆராய்ச்சி எதுவும் இல்ல.

ராணியக்கா:
விதைக்காரன் தம்பி சொன்னது சரிதான், ஆனா சாப்பாட்ட மட்டும் பேசுறீங்க, மருந்தப் பத்தி யாரும் பேசல. நான் தோட்டத்துல மருந்தடிக்கிற வேலை பாத்தவ, முதுகுல பம்ப்ப மாட்டிக்கிட்டு பாராகுவாட் களைக்கொல்லி அடிச்சோம், நகம் எல்லாம் கறுத்துப் போச்சு, மூக்குல ரத்தம் வந்த பொம்பளைங்களும் உண்டு, கையுறை கேட்டா கிராணி மொறைப்பாரு. அந்த மருந்த 2002ல நிறுத்துறோம்னாங்க, 2006ல திரும்ப விட்டாங்க, 2020ல தான் முழுசா தடை வந்துச்சு. இப்ப கேளுங்க, ஜிஎம்லயே ரெண்டு விதம் இருக்கு. ஒண்ணு களைக்கொல்லிய தாங்குற சோயா, மேல மருந்து அடிச்சா புல்லு சாவும் பயிரு சாவாது, அப்ப கிளைபோசேட்ங்கிற அந்தக் களைக்கொல்லிய இன்னும் அதிகமாத்தான் அடிப்பாங்க, களையும் பழகிப்போயி சாவாம நிக்கும். இன்னொண்ணு பிடி (Bt) கத்திரி, ஒரு பாக்டீரியாவோட ஜீனை உள்ள வச்சது, புழு தின்னா புழுவே சாவும், காய்ப்புழுவுக்கு வாரத்துக்கு வாரம் மருந்தடிக்க வேண்டியதில்ல. இந்தியாவுல 2010ல அத நிறுத்தி வச்சுட்டாங்க, பங்களாதேஷ்ல 2014லேர்ந்து நடுறாங்க. என்னைக் கேட்டா முன்னதுக்கு வேணாம்னு சொல்வேன், பின்னதுக்கு யோசிப்பேன். மொத்தமா நல்லது, மொத்தமா கெட்டதுன்னு பேசுறவங்க பம்ப்ப தூக்காதவங்க.

கெடா_பையன்:
சரி க்கா, ஆனா விதை கம்பெனிக்காரன் கைல மாட்டிக்கிட்டா? வருசா வருசம் அவன்கிட்ட தானே வாங்கணும்?

விதைக்காரன்:
அது எஃப்1லயும் இருக்கு தம்பி, எடுத்து வச்ச விதை அடுத்த போகத்துல ஒரே மாதிரி வராது. பங்களாதேஷ்ல கொடுத்தது அரசாங்க ஆராய்ச்சி நிறுவனம், எஃப்1 மாதிரி கலப்பு இல்லாத ரகம், விவசாயி விதைய எடுத்து வச்சிக்கலாம். ஜீன் மட்டும் ஒரு இந்தியக் கம்பெனி கொடுத்தது. அதனால யாரு கொடுக்குறா, என்ன நிபந்தனைன்னு பாக்கணும்.

பேராக்_அம்மா:
லேபிள் விசயம் யாரும் சொல்லலியே. பாக்கெட்ல வர்ற சாமானுக்கு ஜிஎம் இருந்தா போடணும்னு நம்ம நாட்டுல சட்டம் இருக்கு. ஆனா இலையில சுத்தி வச்சிருக்கிற தெம்பேல எந்த லேபிள பாப்பீங்க? பயப்படறதுக்கு இல்ல, ஆனா தெரிஞ்சிக்கிற உரிமை நமக்கு வேணும்ல.

கத்திரித்தோட்டம்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. எலி விசயத்த அத்தைகிட்ட படிச்சுக் காட்டினேன், "எலி எதுவா இருந்தா என்ன, கோழி மட்டும் வாங்கு"ன்னாங்க. அந்தக் கோழி என்ன தின்னுச்சுன்னு நான் வாயத் தொறக்கல 😂 ராணியக்கா, என் கத்திரியிலயும் அந்தக் காய்ப்புழு தான், மருந்தில்லாம என்ன பண்ணலாம்?

ராணியக்கா:
வாடிப்போன குருத்தையும் ஓட்ட விழுந்த காயையும் தினம் காலையில கிள்ளி எடுத்து, அங்கயே போட்டுறாம எரிச்சிருங்க இல்ல ஆழமா பொதைங்க. பக்கத்து வீட்டு அண்ணனும் கத்திரி போட்டுருந்தா அவரையும் செய்யச் சொல்லுங்க, இல்லாட்டி அங்கேர்ந்து வரும்.

கத்திரித்தோட்டம்:
அவரா க்கா? அவரு நாலு வரிசை போட்டுருக்காரு, ஒண்ணு கூட கிள்றதில்ல.