உச்சப் படியைத் தொட உங்களுக்கு எத்தனை வருஷம் ஆச்சு?

கவுன்ட்டர் நம்பர் 3:

2025 ஜூன் சம்பளச் சீட்டில் என் அடிப்படைச் சம்பளம் 64,480 என்று வந்தது. வங்கி கிளார்க் ஸ்கேலில் அதுதான் கடைசிப் படி. 2008 ஜூனில் சேர்ந்தவன் நான். பட்டதாரி என்பதால் சேரும்போதே இரண்டு இன்கிரிமென்ட் கூடுதலாகக் கொடுத்தார்கள். அதனால் 17 வருஷம். பிளஸ் டூவோடு சேர்ந்திருந்தால் 19.

அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். "அப்ப அடுத்த ஜூன்ல எவ்வளவு ஏறும்?" என்றாள் மனைவி. ஒன்றும் ஏறாது, இனி டிஏ எனும் அகவிலைப்படி மட்டும்தான், உச்சத்தில் தேங்கியவர்களுக்கு ஸ்டாக்னேஷன் இன்கிரிமென்ட் என்று ஒன்று உண்டு, அது வருஷா வருஷம் வராது என்றேன். "இதுக்கா ஸ்வீட்டு?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வங்கிக்கு வெளியே இருப்பவர்களுக்காகக் கணக்கைச் சொல்கிறேன். இப்போதைய ஸ்கேல் 24,050-இல் தொடங்குகிறது. முதல் மூன்று வருஷம் 1,340, அடுத்த மூன்று வருஷம் 1,650, பிறகு நான்கு வருஷம் 2,000 என்று ஏறும். அப்புறம் ஏழு வருஷம் ஒரே மாதிரி 2,340. அந்த ஏழு வருஷத்தில்தான் எனக்கு வீட்டுக் கடன், பெண்ணின் பள்ளிக் கட்டணம், அப்பாவின் கண் ஆபரேஷன் எல்லாம் வந்து சேர்ந்தன. அதைத் தாண்டிய 18-வது படியில் மட்டும் ஒரே தாவலாக 4,400. 2024-இல் அது ஏறிய மாதம், யாராவது தப்பாக வரவு வைத்துவிட்டார்களோ என்று சீட்டை இரண்டு தடவை பார்த்தேன். பேங்க்காரன் புத்தி!

உங்கள் வேலையில் எப்படி? எழுதுங்கள்.

பழைய லெட்ஜர்:

வாழ்த்துகள் தோழர். நான் 1981-இல் சேர்ந்து கிளார்க்காகவே ஓய்வு பெற்றவன். உச்சத்தைத் தொட்ட பிறகு ஸ்டாக்னேஷனிலேயே பல வருஷம் ஓட்டினேன். ஆபீசர் புரமோஷன் இரண்டு தடவை வந்தது, இரண்டு தடவையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். ஆபீசர் ஆனால் எந்த மாநிலத்துக்கு வேண்டுமானாலும் தூக்கி அடிப்பார்கள். அம்மா படுக்கையில் இருந்தார். கும்பகோணத்தை விட்டு நகர முடியாது.

அப்போதெல்லாம் கிளைக்குள் பெரிய போட்டியே ஹெட் கேஷியர் அலவன்ஸுக்குத்தான். மாதம் கைக்கு வரும் தொகை சின்னதுதான், ஆனால் அதற்காகச் சீனியாரிட்டி லிஸ்டைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்போம். ஒரே நாளில் சேர்ந்த இரண்டு பேரில் யார் காலையில் முதலில் கையெழுத்துப் போட்டது என்று எங்கள் கிளையில் மூன்று மாதம் சண்டை நடந்தது.

2035:

பெயரிலேயே என் கணக்கு இருக்கிறது. 2021-இல் சேர்ந்தேன். பட்டப்படிப்புக்கு இரண்டு, ஜேஏஐஐபி என்ற வங்கித் தேர்வு பாஸ் செய்ததற்கு ஒன்று, அதற்கு அடுத்த தேர்வான சிஏஐஐபிக்கு இரண்டு. ஆக 14 வருஷத்தில், 2035-இல் உச்சம்.

எனக்கு ஒரு குறை உண்டு. நான் சேர்ந்தபோது உச்சம் 47,920. மூன்று வருஷத்துக்குள் 64,480 ஆகிவிட்டது. நாம் ஏற ஏற அது தள்ளித் தள்ளிப் போகிறதே? கானல் நீர் மாதிரி.

பழைய லெட்ஜர்:

இல்லை தம்பி, அப்படிப் பார்க்கக் கூடாது. சங்கங்களும் வங்கி நிர்வாகங்களும் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை இருதரப்புச் சம்பள ஒப்பந்தம் போடும்போது 'ஸ்டேஜ் டு ஸ்டேஜ்' என்றுதான் பொருத்துவார்கள். பழைய ஸ்கேலில் எட்டாவது நிலையில் இருந்தவர் புதியதிலும் எட்டாவது நிலைதான். யாரையும் கீழே இறக்குவதில்லை. தொகை பெரிதாகிறது, தூரம் அப்படியே இருக்கிறது.

நீங்கள் குறைப்பட வேண்டியது வேறு இடத்தில். உச்சம் 9-வது இருதரப்பு ஒப்பந்தத்தில் 19,300, 10-வதில் 31,540, 11-வதில் 47,920, 12-வதில் 64,480. இவற்றை அந்தந்த ஆரம்பச் சம்பளத்தால் வகுத்துப் பாருங்கள். 7,200, 11,765, 17,900, 24,050. நான்கிலும் சுமார் 2.68 மடங்குதான் வரும். படிகளும் நான்கிலும் 19 தான். சம்பள உயர்வுச் சதவீதத்துக்காக மேஜையைத் தட்டினோம், ஏணியின் நீளத்தைக் கேட்டு யாரும் தட்டியதாக எனக்கு நினைவில்லை. நானும் தட்டவில்லை. சங்கக் கிளைச் செயலாளராக ஒன்பது வருஷம் இருந்திருக்கிறேன்.

இன்னொன்று, தாமதம். 2017 நவம்பரில் வர வேண்டிய ஒப்பந்தம் 2020 நவம்பரில்தான் கையெழுத்தானது. அரியர்ஸ் வந்தது, சரி. ஆனால் அந்த இடைவெளியில் காலமானவர்களின் வீட்டில் போய் அரியர்ஸ் படிவத்துக்குக் கையெழுத்து வாங்கியவன் நான்.

ஒன்டாரியோத் தமிழன்:

வணக்கம். நான் கனடாவில் கார்த் தொழிற்சாலையில் அசெம்பிளி லைனில் நிற்கிறவன். 2013 இல் சேர்ந்தேன். 2012 ஒப்பந்தப்படி புதிதாக வந்தவர்களுக்கு முழுச் சம்பளத்தில் 60 வீதம், முழுச் சம்பளத்துக்கு வர 10 வருடம். எனக்குப் பக்கத்தில் நின்ற அண்ணை பழைய ஆள். அவர் இடது கதவைப் பூட்டுவார், நான் வலது கதவைப் பூட்டுவேன். ஒரே வேலை. சம்பளக் கிழமை வந்தால் அவர் என்னோடு கன்டீனுக்கு வரக் கூச்சப்படுவார். நல்ல மனுசன், கோப்பிக் காசை என்னைக் கொடுக்கவே விடமாட்டார்.

2020 இல் அந்த 10 வருடம் 8 ஆனது. 2023 இல் யூனிஃபோர் சங்கம் அதை 4 வருடமாகக் குறைத்தது, ஆரம்பமும் 70 வீதம் ஆனது. அதே ஆண்டு எல்லைக்கு அந்தப் பக்கம் அமெரிக்க வாகனத் தொழிலாளர் சங்கம் ஆறு கிழமை வேலைநிறுத்தம் செய்து 8 வருடத்தை 3 ஆக்கியது. ஆக, ஏணியை வெட்டலாம். 19 வருடம் என்று வாசித்தபோது முதலில் எழுத்துப்பிழை என்றுதான் நினைத்தேன்.

வவுச்சர்:

எல்லோரும் ஏணியைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் ஒரு கிளையில் 11 வருஷமாக டெம்பரரி மெசஞ்சர். காலையில் ஷட்டர் தூக்குவது முதல் சாயங்காலம் வவுச்சர் கட்டுகளைக் கோணி ஊசியால் தைத்து அடுக்குவது வரை என் வேலைதான். சம்பளம் தினக்கூலி, அதுவும் பெட்டி கேஷ் எனும் சில்லறைச் செலவு வவுச்சரில். ஒரு மாதம் என் பெயரில் போடுவார்கள், அடுத்த மாதம் என் தம்பி பெயரில். 240 நாள் தொடர்ச்சியாகக் கணக்கில் வந்துவிடக் கூடாதாம், வந்தால் தொடர் பணி என்று உரிமை கேட்டுவிடுவேனாம். தம்பி திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான், அந்த வங்கியின் வாசலைக்கூடப் பார்த்ததில்லை.

கடைநிலை ஊழியர் ஸ்கேல் 19,500-இல் தொடங்கி 37,815 வரை போகும் என்று சர்க்குலரில் படித்தேன். அந்தச் சர்க்குலரைச் சங்க போர்டில் ஒட்டியதே நான்தான்.

கவுன்ட்டர் நம்பர் 3:

வவுச்சர் அண்ணா, இதற்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியவில்லை. எங்கள் கிளையிலும் ஒருவர் அப்படி இருக்கிறார். அந்த மைசூர்பாகை மறுநாள் ஆபீசுக்கு எடுத்துப் போனபோது எல்லோருக்கும் கொடுத்தது அவர்தான். எதற்கு ஸ்வீட் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஜூன் 2016:

நான் எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். கணவர் வங்கியில் இருந்தவர். 2015-இல் மாரடைப்பு. கருணை அடிப்படையில் எனக்கு வேலை கிடைத்தபோது வயது 43, படிப்பு பிளஸ் டூ. 2032 அக்டோபரில் ரிட்டயர்மென்ட். அதற்குள் 16 இன்கிரிமென்ட்தான் வரும். மூன்று படி குறைகிறது.

உச்சம் தொட்டால் என்ன, தொடாவிட்டால் என்ன என்றுதான் முதலில் இருந்தேன். கவுன்ட்டரில் கம்ப்யூட்டர் மவுஸைப் பிடிக்கவே கை நடுங்கிய காலம் அது. பிறகு அவருடைய பழைய டயரி ஒன்று கிடைத்தது. கடைசிப் பக்கத்தில் தனக்கு எந்த வருஷம் எவ்வளவு வரும் என்று பென்சிலால் எழுதி வைத்திருந்தார். 2024 வரை. கடைசித் தொகைக்குக் கீழே இரண்டு கோடு.

திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. முடித்தேன், அதற்கு இரண்டு இன்கிரிமென்ட் கிடைத்தது. பாக்கி ஒரே ஒரு படி. அதற்காக ஜேஏஐஐபி எழுதுகிறேன். நான்கு பேப்பரில் இரண்டு பாஸ். அக்கவுன்டிங் பேப்பர்தான் இரண்டு தடவையாகக் காலை வாருகிறது.

2035:

மேடம், அந்த பேப்பருக்குத் தமிழில் கையால் எழுதிய நோட்ஸ் என்னிடம் இருக்கிறது, 60 பக்கம். பேலன்ஸ் ஷீட் கணக்கு எல்லாம் படிப்படியாகப் போட்டிருக்கிறேன். கையெழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கும், பரவாயில்லையா? ஞாயிற்றுக்கிழமை ஸ்கேன் செய்து அனுப்புகிறேன்.