மதுரையில் மாலை நேர ஏ.ஏ. கூட்டம் எங்கே நடக்கிறது?

வணக்கம். என் அண்ணன் குடியை நிறுத்தி இன்றோடு 41 நாள். சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டார். மாலை ஆறு மணியானால்தான் பயமாக இருக்கிறது. சட்டையை மாட்டுவார், கழற்றுவார், வாசலில் செருப்பருகே நின்றுகொண்டே இருப்பார். அந்த நேரத்தைக் கடக்கத்தான் ஏ.ஏ. எனப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் அமைப்பு) கூட்டத்துக்கு அழைத்துப்போக நினைக்கிறேன். கட்டணம் கிடையாது, குடியை விடும் விருப்பம் இருந்தால் போதும் என்பது தெரியும். யாரோ சொன்ன முகவரிக்குப் போனோம், கதவு பூட்டியிருந்தது. திரும்பும் வழியெல்லாம் அவர் பேசவே இல்லை.

அண்ணா நகர், கே.கே. நகர் பக்கம் தமிழில் நடக்கும் கூட்டத்தின் நாள், நேரம் தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். குடும்பத்தாரும் உட்காரக்கூடிய திறந்த கூட்டமா என்பதையும் குறிப்பிடுங்கள். அண்ணிக்கு, குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கான அல்-அனான் கூட்டமும் வேண்டும். போய்வருகிறவர்களின் பெயரை இங்கே எழுத வேண்டாம். எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள்.